டோக்கன் அண்ணனும் ஒரு பிடி பச்சை இலையும்

மனிதனுக்கென்று தனியாக ஒரு வியாதி இந்த உலகத்தில் கிடையாது என்று முழுமனதாக நம்பிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, டோக்கன் அண்ணன்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் வந்தது போக மிச்சம் மீதிதான் நமக்கு வருகிறது என்பது அவர் கட்சி.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் டூவீலர் ஸ்டாண்டு வைத்திருந்தார். வண்டியை விட்டால் ஒரு அட்டையை இரண்டாகக் கிழித்து, பாதியை ஹேண்டில்பாரில் கட்டிவிட்டு மறுபாதியை நம் கையில் தருவார். அதனால் டோக்கன். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால், "அது ஆதார் கார்டுல பத்திரமா இருக்கு தம்பி" என்பார்.

நான் அப்போது ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு வளர்த்து, குட்டியில் பாதியைக் கூலியாக வாங்கியவர்கள். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அப்பா, "இம்புட்டுப் படிச்சும் மாட்டுக்குத்தானாடா வேல பாக்கப் போற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு மதுரைக்கு வந்து லாட்ஜில் ரூம் எடுத்து, மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு பிளேட் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் அந்த ஸ்டாண்டில் விட்டிருந்த வண்டியை எடுக்கப் போனேன்.

டோக்கன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் வந்து, என் இடது விலாவுக்குக் கீழே விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்து, மத்தளம் வாங்க வந்தவர் மாதிரி அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"உப்பசம். காலையில ஈரப்புல்லு மேஞ்சியா?"

"பொங்கல் சாப்ட்டேண்ணே."

"எல்லாம் ஒண்ணுதேன். வா, முன்னங்கால மேட்டுல வையி."

மாட்டுக்கு வயிறு உப்பினால் முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துவது வழக்கம்தான். எனக்கு முன்னங்கால் இல்லை என்பதை அவர் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டு வாசலில் வண்டி ஏற்றும் சாய்தளத்தில் என் இரண்டு கைகளையும் ஊன்றவைத்தார். தேனி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள். சற்று நேரத்தில் ஒரு பெரிய ஏப்பம் வந்தது.

"பாத்தியா? அசை போட ஆரம்பிச்சுட்டான்" என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு ஆர்வம். வேலை இல்லாத நேரமெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். போனைப் பார்த்துக்கொண்டே கழுத்தைத் தொங்கப்போட்டு வரும் காலேஜ் பையன்களுக்கு அவர் கண்டுபிடித்தது கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல். "கழுத்து இப்புடித்தேன் மொதல்ல தொங்கும், பெறகு திருகிக்கிரும். காலாகாலத்துல சொட்டு மருந்து போட்டிருக்கணும்!" நின்ற இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்த ஒரு கண்டக்டருக்கு, ஆட்டுக்கு வரும் துள்ளுமாரி. சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்கு வாயிலும் காலிலும் புண் வைக்கும் கோமாரி பரவிய சமயத்தில், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் சாக்கை நனைத்து வாசலில் விரித்து, வருகிற போகிற சக்கரமும் செருப்பும் அதில் ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும் என்றார். கோரிப்பாளையத்திலிருந்து தினமும் வரும் ஜவுளிக்கடை பாய் ஒருத்தர், "டோக்கன் பாய், என் ஸ்கூட்டருக்கு வாய்ல புண்ணு எதும் இருக்கா, கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு ஏற்றினார். அண்ணன் நிஜமாகவே குனிந்து ஹெட்லைட்டைப் பார்த்தார்.

கையில் கோழியோடோ கயிற்றில் ஆட்டோடோ பஸ் ஏற வரும் ஆளை அவர் சும்மா விட்டதில்லை. தீனி எடுக்குதா, சாணி எப்படி, கண்ணில் பீளை உண்டா என்று விசாரித்து முடிப்பதற்குள் பஸ் போயிருக்கும்.

"ஏண்ணே ஒங்களுக்கு இதுல இம்புட்டு ஆச?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுசன் எங்க வலிக்குதுன்னு பொய் சொல்லுவான் தம்பி. ஆடு பொய்யும் சொல்லாது, நெசமும் சொல்லாது. நாமதேன் பாத்துக் கண்டுபிடிக்கணும். அதுல ஒரு ருசி இருக்கு."

ருசி இருந்தது. ஆனால் கண்டுபிடித்ததில் முக்கால்வாசி தப்பு.

ஸ்டாண்டைச் சுற்றி அவர் போட்டிருந்த வேலி குச்சிக்கிழங்கு. ஊர்ப்பக்கம் மரவள்ளி என்பார்களே, அதுதான். தேனிப்பக்கத்து விவசாயி ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போன ஒரு கட்டுக் குச்சியைச் சாண் சாணாக வெட்டி நட்டிருந்தார். நடும்போது கணுவில் இருக்கும் மொட்டு மேலே பார்க்க வேண்டும். "தலைகீழா நட்டா அது பாதாளத்துக்குத் துளுக்கும்" என்று எச்சரிப்பார். இலையில் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிடுவார். தேமல் நோயாம், வெள்ளை ஈ பரப்புமாம். அதைச் சொன்ன கையோடு, வண்டி விட வந்த போலீஸ்காரரின் கன்னத்தில் இருந்த தேமலையும் உற்றுப் பார்த்தார். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

கிழங்கு நமக்கு, இலை ஆட்டுக்கு. ஆனால் இந்த இலையில் ஒரு வில்லங்கம் உண்டு. பறித்த கையோடு பச்சையாகக் கொடுத்தால் அதிலிருக்கும் விஷம் ஆட்டைச் சாய்த்துவிடும். ஒரு நாளாவது வெயிலில் நன்றாக வாட விட்டுத்தான் போடவேண்டும். சந்துக்குள் வெயில் விழும் இடம் எது? வண்டிகளின் சீட்டு. கருப்பு ரெக்ஸின் சூட்டில் இலை அப்பளம் மாதிரி வாடும். சாயங்காலம் வண்டி எடுக்க வந்து, சீட்டைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டுப் போன பேங்க் மேடம் ஒருத்தர் மறுநாள் வந்து பேசியதை எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அந்த இலைகளைத் தின்று வளர்ந்தது ஒரு கருப்புக் கிடா. ராத்திரியும் ஸ்டாண்டிலேயே தங்குகிற ஒரே உருப்படி என்பதால் அதற்குப் பெயர் நைட்ஹால்ட். அதன் கழுத்துக் கயிற்றிலும் ஒரு பாதி டோக்கன் தொங்கும். மறுபாதி அண்ணன் சட்டைப்பையில். "டோக்கன் இல்லாம உருப்படி வெளிய போகாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதேன்."

அந்தக் கிடா ஒரு நம்பிக்கைக்காக வளர்ந்தது. பேரையூர்ப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி செல்விக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் வேறென்ன? செல்வி வீட்டுப் பால்காய்ப்பு. மாப்பிள்ளைக்கு அன்று வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டு வாயில் புண். கல் இடித்துக் காலிலும் புண். அண்ணன் பந்தியில் எழுந்து நின்று, "வாயிலயும் புண்ணு, கால்லயும் புண்ணு! கோமாரி! மாப்ளயத் தனியாக் கட்டுங்க!" என்று சத்தம் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பெயர் ஆறவில்லை. ஊர் டீக்கடையில், "கோமாரிக்கு ஒரு டீ போடு" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. அண்ணனின் நிழலே இனி வாசலில் விழக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

பிறகு செல்விக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி யார் மூலமோ வந்தது. அந்த வாரமே அண்ணன் இந்தக் கிடாவைக் குட்டியாக வாங்கிவிட்டார். குலசாமி கோயிலில் காதுகுத்து நடக்கும்; தாய்மாமன் கிடா கொண்டுவர வேண்டும்; பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள்.

"கூப்புடலைன்னா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கிடா இருக்குல்ல. கூப்புடுவாக."

கூப்பிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் செல்வி போன் செய்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அவுகளச் சம்மதிக்க வச்சுட்டேன். நீ கிடாவோட வா. ஆனா ஒண்ணு. வந்த எடத்துல ஒத்த வியாதிப் பேரு ஒன் வாயில இருந்து வரக்கூடாது. வந்துச்சு, நம்ம பெரியப்பா வீட்டு அண்ணன் மடியில யாழினிய ஒக்கார வச்சுருவாக. நா ஒண்ணும் சொல்ல முடியாது."

"வராதுத்தா."

"சத்தியமா?"

"வாயத் தச்சுட்டே வாரேன்."

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, ஒரு குட்டியானை வண்டியில் கிடாவை ஏற்றிப் புறப்பட்டார். உசிலம்பட்டி தாண்டும்வரை ஒத்திகை நடந்தது. வழியில் ஒரு மாடு நொண்டிக்கொண்டு போனது. "தம்பி, அந்த மாட்டுக்கு..." என்று ஆரம்பித்தார். நான் தொடையில் கிள்ளினேன். "...நல்ல கலரு" என்று முடித்தார்.

கோயில் ஒரு ஓடைக்கரையில். பக்கத்திலேயே கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு அப்போதுதான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையே வண்டிவரைக்கும் நடந்து வந்தார்.

"வாங்க மச்சான்."

"நல்லா இருக்கீகளா மாப்ள?"

அண்ணனின் கண் பழக்கதோஷத்தில் மாப்பிள்ளையின் வாய்க்குப் போனது. சட்டென்று வானத்தைப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு அவர் பட்ட பாட்டை நான் என்ன சொல்ல! ஒரு பெரியவர் ஆடு செருமுவது மாதிரியே இருமினார். ஒரு பயலுக்கு மூக்கு ஒழுகியது. அண்ணன் வெற்றிலையை வாய் நிறையத் திணித்துக்கொண்டு மென்றார். ஒரு அக்கா வந்து, "ஏண்ணே, ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, எனக்கு முட்டி வீங்கியே கெடக்கு, என்னன்னு பாருங்க" என்றது.

"நல்லதுத்தா" என்றார் அண்ணன். "வேற என்ன விசேசம்?"

இந்தப் பக்கம் இவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பக்கம் கிடாவை வாங்கிக் கட்டியது மாப்பிள்ளை. "மச்சான் கொண்டாந்த கிடா, என் கையால தீனி வைக்காட்டி நல்லா இருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போனதை நான் பார்த்தேன். எவ்வளவு நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

உறுமி முழங்கியது. கிடாவுக்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தார். தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று அர்த்தம், அப்புறம்தான் அரிவாள். சில கிடாக்கள் மணிக்கணக்கில் கல்லு மாதிரி நின்று மானத்தை வாங்கும். அன்று பூசாரி செம்பைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே நைட்ஹால்ட் உடம்பெல்லாம் நடுங்கியது.

"துலுக்கிருச்சு!" கூட்டம் கத்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். "தண்ணி ஊத்து முன்னாடியே உத்தரவு குடுத்துருச்சப்பா! தாய்மாமன் கிடான்னா கிடா!"

மாப்பிள்ளை பெருமையோடு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். துலுக்கல் என்றால் ஒரு சிலிர்ப்போடு நிற்கும், இது நிற்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கியது. கடைவாயில் நுரை. நுரைக்கு நடுவே ஒரு பச்சை இலைத் துணுக்கு, ஏழு விரல் மாதிரி விரிந்த இலையின் ஒரு விரல்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். "பச்சயாத் தின்னுருக்கு தம்பி."

"நான் போய்ச் சொல்றேண்ணே."

"நீ என்கூட வந்தவன். நீ சொன்னா நா சொல்லிவிட்டதாத்தேன் ஆகும். மாப்ள கையால வச்ச எல. அத வெசம்னு எப்புடிச் சொல்ல? மடி போயிரும்டா." வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "சொல்லலைன்னா கிடா போயிரும்."

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார். கிடாவைப் பார்த்தார். மடியில் உட்காரவேண்டிய யாழினி மொட்டைத்தலையில் சந்தனத்தோடு செல்வியின் இடுப்பில் இருந்து இவரையே பார்த்தது. அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு வியாதிப் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கைஜாடையில் இறங்கினார்.

இரண்டு கையையும் விரித்து ஆட்டினார், அது இலை. வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டார், அது தின்றது. கண்ணை உருட்டி, நாக்கை வெளியே தள்ளி, உடம்பெல்லாம் நடுங்கிக் காட்டினார். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சிவப்பாக வழிந்தது. அதே நேரம் உறுமிக்காரர் அவரைப் பார்த்துவிட்டு அடியை மாற்றி வேகமாக உருட்டினார்.

"சாமி வந்துருச்சு!" என்றது ஒரு குரல். "தாய்மாமனுக்குச் சாமி வந்துருச்சு!"

நாலு பேர் ஓடிவந்து சட்டையைக் கழற்றினார்கள். இடுப்பில் துண்டைக் கட்டினார்கள். கிடாவுக்கு வைத்திருந்த மஞ்சள் தண்ணீரை இவர் தலையில் கொட்டினார்கள். பூசாரி நெற்றி நிறைய விபூதியை அப்பி, "சாமி! யாரு வந்துருக்கது? என்ன வேணும்?" என்று கேட்டார்.

அண்ணன் ஆடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று ஓடியதை நான் பார்த்தேன். பிறகு ஒரு குரல் வந்தது. அது நான் அதுவரை கேட்டிராத குரல்.

"இந்தக் கிடா... எனக்கு வேணாம்!"

பூசாரி கைகூப்பிக்கொண்டு கேட்டார்.

"என்ன குத்தம் சாமி?"

"குத்தம் ஒண்ணுமில்லடா! பச்ச எல! வாட விட்டுக் குடுக்கணும்டா! பச்சயாக் குடுக்கக் கூடாதுடா!"

"இம்புட்டு வருசத்துல நம்ம சாமி இம்புட்டு வெவரமாப் பேசுனதில்லையேப்பா" என்றார் இருமல் பெரியவர்.

"ஊசி!" சாமி கத்தியது. "சீக்கிரம் ஊசி போடுங்கடா!"

காது குத்த வந்திருந்த ஆசாரி பதறி எழுந்து, "இந்தா வந்துட்டேன் சாமி" என்று தங்க ஊசியோடு ஓடி வந்தார்.

"அந்த ஊசி இல்லடா! மாட்டு டாக்டரு ஊசி! ஏய் தம்பி, போன் போடு!"

சாமி என்னைப் பார்த்துச் சொன்னது. நான் தீவனம் விற்கப் போகும்போது பழக்கமான கால்நடை டாக்டர் மேடத்தின் நம்பர் என்னிடம் இருந்தது. போட்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, எல நாந்தேன் போட்டேன். தெரியாமப் போட்டுட்டேன். என் மேல கோவமா சாமி?"

அண்ணனின் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. மாப்பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

"நீ பாசத்துல போட்ட. அது எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அப்படியே சரிந்தார். தரையில் விழுவதற்குள் தாங்கிப் பிடித்தது மாப்பிள்ளைதான்.

டாக்டர் மேடம் ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை கிடாவின் தலையைச் செல்வி மடியில் வைத்துக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. "கொஞ்சமாத் தின்னதுனால பொழச்சுச்சு. நேரத்தோட சொன்னது யாரு?" என்று கேட்டார் டாக்டர். ஒருத்தர் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். மெல்ல மெல்ல நடுக்கம் நின்று, கிடா எழுந்து நின்று, தன் மாலையிலேயே ஒரு பூவைத் தின்றது. சாமியே வேண்டாம் என்று சொன்ன கிடாவை இனி யாரும் தொடக்கூடாது, திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். கூடவே தோட்டத்துக் கிழங்கும் அவிந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்து, எழுந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை யாழினியைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தார். வேறு மடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊசி ஏறியதும் பிள்ளை வீறிட்டது. அண்ணனும் கூடவே அழுதார். செல்வி குனிந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டது.

"அண்ணே, சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. ஒத்த வியாதிப் பேரு நீ சொல்லல."

"நா எங்கத்தா சொன்னேன்?"

"அதேன். நீ சொல்லல" என்று சிரித்தது செல்வி. அந்தச் சிரிப்பின் அர்த்தத்தை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். வண்டியின் பின்பக்கம், கிடாவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சாமி வந்த அமளியில் கழற்றிய சட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை கொடுத்த புதுத்துண்டு ஒன்றுதான் இருந்தது. அதையும் காற்றுப் படாமல் கிடாவின் மேல் போர்த்திவிட்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் நான் அடக்க முடியாமல் கேட்டேன்.

"அண்ணே, உண்மையிலயே சாமி வந்துச்சா?"

அவர் கிடாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கைய ஆட்டுனது நாந்தேன் தம்பி. அது வரைக்கும் தெரியும். பெறகு மாப்ள வந்து நின்னாரு பாரு, அவருகிட்ட என்ன சொன்னேன்?"

மாப்பிள்ளையிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்புடியா சொன்னேன்?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "எனக்கு அம்புட்டு நல்லாப் பேச வராதே."

உசிலம்பட்டி நெருங்கும்போது காற்று குளிர ஆரம்பித்து, அவருக்கு உடம்பு லேசாக நடுங்கியது. கிடாவைப் பிடித்துக்கொள்வதுபோல எழுந்து, காற்று வருகிற பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டேன்.